ஒற்றை மார்க்கரை நம்பி முடிவு சொல்லாதீர்கள்

ஃப்ளோ சைட்டோமெட்ரி லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், எந்த மார்க்கர் பாசிட்டிவா வந்தா லுகேமியா?" அப்படி ஒரு மார்க்கர் கிடையாது. ரத்தப் புற்று செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஆன்டிஜென்களில் பெரும்பாலானவை நல்ல செல்லிலும் ஏதோ ஒரு பருவத்தில் இருப்பவைதான். எது எதோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, அந்தச் செல்லில் அது இருக்கலாமா என்று பார்த்துத்தான் நோயின் பெயரைச் சொல்கிறோம்.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்க வழி கண்டுபிடித்த பிறகு, செல்லின் மேலுள்ள புரதங்களுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். இன்று சிடி4 என்கிறோமே, அதற்கே ஓகேடி4, லியூ-3 என்று வேறு வேறு பெயர்கள் புழங்கின. 1982இல் பாரிஸில் கூடிப் பேசி சிடி எண்களை வகுத்தார்கள். இப்போது அந்த வரிசை 370ஐத் தாண்டிவிட்டது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி19, முதிராத செல்லுக்கு சிடி34, எல்லா வெள்ளணுக்களுக்கும் பொதுவாக சிடி45 என்று தொடங்கினால் மற்றவை வேலையோடு வேலையாக மனதில் தங்கிவிடும்.

சாம்பிள் விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருப்பேன். எலும்பு மஜ்ஜையை ஊசியில் இழுக்கும்போது முதலில் வருவதுதான் எங்களுக்கு வேண்டும். அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்து நீர்த்துப்போகும். சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சியிருக்கும் நோயைத் தேடும் எம்ஆர்டி பரிசோதனையில் 10,000 செல்லில் ஒரு செல்லைத் தேடுகிறோம். அங்கே நீர்த்துப்போன சாம்பிள் நோயே இல்லை என்று பொய் சொல்லிவிடும். வெளியூரிலிருந்து கூரியரில் அனுப்புகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து ட்யூபை ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். உறைந்தால் செல் உடைந்துவிடும். இடையில் பஞ்சோ துணியோ வைத்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஃபார்மலினில் போட்டு அனுப்பவே கூடாது.

பி செல் லிம்ஃபோமா சந்தேகத்தில் கப்பா, லாம்டா என்ற இம்யூனோகுளோபுலின் லைட் செயின்களைப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பிளாஸ்மாவில் மிதக்கும் இம்யூனோகுளோபுலின், நாம் ஊற்றும் ஆன்டிபாடியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் ஸ்டெய்ன் செய்வதற்கு முன் வெதுவெதுப்பான பிபிஎஸ்ஸில் பலமுறை கழுவ வேண்டும். அவசரத்தில் இதைச் சுருக்கினால் கப்பாவும் தெரியாது, லாம்டாவும் தெரியாது. "இரண்டும் நெகட்டிவ்" என்று வேறு ஒரு கதை உருவாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த, அதே நேரம் மிகவும் கவனமாகப் பார்க்கும் கேஸ், சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் குழந்தையின் மஜ்ஜை. பி செல் லுகேமியாவுக்கு மருந்து முடிந்து மஜ்ஜை மறுபடி துளிர்க்கும்போது, ஹீமடோகோன் எனப்படும் இளம் பி செல்கள் கூட்டமாக வரும். அவற்றிலும் சிடி10 இருக்கும், சிடி19 இருக்கும். அந்த இரண்டை மட்டும் பார்த்தால் நோய் திரும்பிவிட்டது என்றே தோன்றும். சிடி10ஐயும் சிடி20ஐயும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள். நல்ல செல் முதிர முதிர சிடி20 ஏறும், சிடி10 இறங்கும். புள்ளிகள் இடைவெளியில்லாமல் வளைந்த பட்டையாக நகரும். லுகேமியா செல்கள் அப்படி நகராமல் ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். பெரும்பாலும் சிடி38 மங்கியிருக்கும், சிடி58 தூக்கலாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தால் அது இயல்பு. மொத்தப் பேரும் ஒரே வகுப்பில் தேங்கி நின்றால் விசாரிக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு மறுபடி கீமோ வேண்டுமா என்பது இந்த வளைவைச் சரியாகப் படிப்பதில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் சீனியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

ரிக்வெஸ்ட் ஃபார்மில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்காவிட்டால் டாக்டருக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள். ரிட்டுக்ஸிமாப் போட்டவருக்கு, மருந்தே சிடி20 மேல் உட்கார்ந்திருக்கும். நம் ஆன்டிபாடிக்கு இடம் கிடைக்காது. டாராடுமுமாப் போட்டவருக்கு சிடி38 இதே மாதிரி மறைந்துவிடும். சிடி19ஐக் குறிவைக்கும் கார்-டி சிகிச்சைக்குப் பிறகு திரும்பும் நோயில் சிடி19 இல்லாமலே போகலாம். அப்போது சிடி22, சிடி24 என்று வேறு வழியில்தான் தேட வேண்டும்.

சில நேரம் ஒரு மார்க்கர் இல்லாததுதான் முக்கியமான செய்தி. புற்று செல்கள் குவிந்திருக்கும். சிடி33 பளிச்சென்று இருக்கும். ஆனால் சிடி34ம் எச்எல்ஏ-டிஆரும் காணோம், சைட் ஸ்கேட்டர் உயர்ந்திருக்கிறது என்றால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியாவாக இருக்கலாம். ரத்தக்கசிவில் சீக்கிரமே உயிர் போகக்கூடிய நோய் அது; உடனே ஏடிஆர்ஏ மாத்திரை தொடங்கினால் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்திவிடலாம். மரபணுப் பரிசோதனை உறுதி செய்வதற்கு முன்பே, போனில் சொல்லிவிட வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒன்று. சிடி3, சிடி19 இரண்டும் உள்ள புதுவகை செல்லைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பதற்கு முன், அது ஒட்டிக்கொண்ட ஒரு டி செல்லும் ஒரு பி செல்லுமா என்று பாருங்கள். செத்த செல்லில் எல்லா ஆன்டிபாடியும் ஒட்டும். அதைப் பிரிக்கும் சாயம் இல்லாமல் சோதனை செய்யாதீர்கள். பிஇ-சை7 போன்ற இரட்டைச் சாயங்கள் வெளிச்சத்தில் சிதைந்து பிஇ போலவே மின்னும். ஃபாயிலில் சுற்றி வையுங்கள்.

நோயாளியின் வீட்டாரும் இதைப் படிக்கலாம். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருக்கும் ஒவ்வொரு வரியையும் நெட்டில் தேடி மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சிடி34 எல்லோருடைய மஜ்ஜையிலும் உண்டு. கடைசியில் இருக்கும் கருத்தை டாக்டரிடம் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். நோய் கண்டுபிடித்த அன்று எடுத்த முதல் ரிப்போர்ட்டையும், கொடுத்த மருந்துகளின் பட்டியலையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறை மஜ்ஜை எடுக்கும்போதும் லேபில் காட்டுங்கள். மிஞ்சியிருக்கும் நோயைத் தேட எங்களுக்கு அந்த இரண்டும் வேண்டும்.