கலப்பு வகுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல்கலைக்கழகப் பாடத்தின் ஒரு பகுதியை இணையத்திலும் மறுபகுதியை வகுப்பறையிலும் நடத்துவது கலப்புமுறைக் கற்பித்தல். இதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுபவற்றில் சில, ஆய்வுகளோடு ஒத்துப்போவதில்லை.

நம்பிக்கை: வகுப்பு நேரம் குறைந்தால் தேர்ச்சியும் குறையும்.

உண்மை: அமெரிக்காவில் ஆறு அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில், தொடக்கநிலைப் புள்ளியியல் பாடத்தை வைத்து இது சோதிக்கப்பட்டது. வில்லியம் போவனும் குழுவினரும் நடத்திய அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பங்கேற்க இசைந்த 605 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர்; கெட்டிக்காரர்கள் ஒரு பக்கமே சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. ஒரு பிரிவு வழக்கம்போல் வாரம் மூன்று, நான்கு மணி நேரம் வகுப்பில் அமர்ந்தது. மற்றப் பிரிவு, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய இணையப் பாடத்தைப் படித்துவிட்டு, வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டும் ஆசிரியரைச் சந்தித்தது. தேர்ச்சி விகிதத்திலும் இறுதித்தேர்வு மதிப்பெண்ணிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கலப்புப் பிரிவினர் பாடத்துக்குச் செலவிட்ட மொத்த நேரமோ சுமார் கால்பங்கு குறைவு. ஆனால் பாடத்துக்கு அவர்கள் தந்த மதிப்பீடு சற்றுத் தாழ்ந்தே இருந்தது. செலவுக் கணக்கை மட்டும் பார்த்து வகுப்புகளைக் குறைக்க நினைக்கும் நிர்வாகங்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை: இணையம் சேர்ந்தாலே கற்றல் மேம்படும்.

உண்மை: இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது, பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கக் கல்வித்துறை 2009இல் வெளியிட்ட அறிக்கை. கலப்பு வகுப்புகள் நேரடி வகுப்புகளை முந்தின என்று அது கூறியது மெய்யே. அவற்றில் பலவற்றில் மாணவர்களுக்குக் கற்கும் நேரமும் பாடப்பொருளும் கூடுதலாகக் கிடைத்தன, ஆகவே முன்னேற்றத்தை ஊடகத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்று அதே அறிக்கை எச்சரித்தும் இருக்கிறது. பழைய விரிவுரையையே ஒரு மணி நேரக் காணொளியாக ஏற்றிவைப்பதால் எதுவும் மாறாது. காணொளியைப் பார்த்து வந்த மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கவும் சந்தேகம் கேட்கவும் வகுப்பு நேரம் பயன்பட வேண்டும். கலப்புமுறையின் பலன் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: இணையப் பாடமென்றால் தேர்வும் வீட்டிலிருந்தே.

உண்மை: ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்பிடெல் படிப்புகளில் காணொளிகளும் வாராந்திர ஒப்படைப்புகளும் இணையத்தில் உள்ளன. சான்றிதழுக்கான தேர்வை மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில்தான் எழுத வேண்டும்.