பக்கத்து வீட்டு நாயும் பத்து நாட்களும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

"நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும்." நான்காம் வகுப்பில் இப்படித் தொடங்கிக் கட்டுரை எழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கினேன். யாருடைய வீட்டை, யாரிடமிருந்து காக்கும் என்று அன்று யோசிக்கவில்லை. சொந்த வீட்டு நாய்க்கு நாம் எஜமானர். பக்கத்து வீட்டு நாய்க்கோ நாம் தினமும் அதே நேரத்தில் வந்து போகும் திருடர்!

எங்கள் வீடு பாம்பனில் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போக ஒரே ஒரு மணல் சந்துதான் உண்டு. இரு புறமும் பனைமட்டை வேலி. சந்தின் நடுவில் ஒரு மாமாவின் வீடு. உறவுக்காரர் அல்லர், ஆனாலும் மாமா என்றே அழைப்போம். அவருடைய விசைப்படகில்தான் எங்கள் அப்பா கடலுக்குப் போகிறார். ஒரு முறை அவர் வீட்டு முற்றத்திலிருந்து டீசல் கேனும் வலையும் களவு போயின. அதன்பின் மாமா ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்து டைகர் என்று பெயர் வைத்தார். எங்கள் மாவட்டத்தில் கிடை போடும் கீதாரிகள் ஆட்டு மந்தைக்குக் காவலாக நாய் வளர்ப்பது பழைய வழக்கம். அப்படி ஒரு கீதாரியிடம் வாங்கிய குட்டி அது. மந்தையோடு மைல் கணக்கில் நடக்க வேண்டிய சாதி நாய், பகல் முழுவதும் வேப்பமரத்தில் நான்கு முழச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. இரவில் அவிழ்த்து விடுவார்கள். காலையில் மறுபடி கட்ட எட்டு மணி ஆகிவிடும். எங்களுக்கு பஸ் ஏழரைக்கு.

ஆகவே நானும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியும் தினமும் அந்த வீட்டருகே வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். டைகர் குரைத்துக்கொண்டே சந்து முனை வரை துரத்தும். பஸ்ஸில் ஏறியதும் பிழைத்தோம் என்று சிரிப்போம். அது எங்களுக்கு ஒரு விளையாட்டுப் போல ஆகிவிட்டது.

தோழியரே, நாங்கள் செய்த பெரிய தவறு அந்த ஓட்டம்தான். கால்நடை மருத்துவர் பிற்பாடு மாமாவிடம் சொன்னதையும், அறிவியல் சிஸ்டர் வகுப்பில் விளக்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டைகரின் கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் வருகிறார்கள், நான் குரைக்கிறேன், அவர்கள் ஓடிவிடுகிறார்கள். அப்படியானால் நான் வென்றேன்! ஒவ்வொரு நாளும் இந்த வெற்றியை நாங்களே அதற்குக் கொடுத்தோம். தபால்காரரை நாய்கள் குறி வைப்பதும் இதனால்தானாம். அவர் கடிதத்தைப் போட்டுவிட்டு எப்படியும் திரும்பிப் போகத்தான் போகிறார். நாயோ தான் விரட்டியதால் போனார் என்று எண்ணிக்கொள்கிறது. மேலும், ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் நம்மால் ஒரு நாயை முந்த முடியாது.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பார்கள். எங்கள் சந்தில் கல்லுக்கு எங்கே போவது? கடல் மணலை அள்ளி எறிந்தால் காற்று அதை நம் கண்ணுக்கே திருப்பிக் கொண்டுவரும். கல் கிடைத்தாலும் குனிவது நல்லதல்ல. குனிந்தால் நம் முகம் நாயின் வாய்க்கு நேரே போகிறது. கல்லடி பட்ட நாய் அடுத்த முறை நம்மைக் கண்டவுடனே பயந்து, அந்தப் பயத்தாலேயே பாயும்.

பின் என்னதான் செய்வது? நின்றுவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது, கால் கேட்காது. ஆனாலும் நிற்க வேண்டும். நாயை நேருக்கு நேர் முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, மரம் போல் நிற்க வேண்டும். கத்தக் கூடாது, கையை வீசக் கூடாது. அசையாத பொருளில் நாய்க்குச் சீக்கிரம் ஆர்வம் குறைந்துவிடும். அது முகர்ந்துவிட்டு விலகியதும், முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும. சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு தள்ளிப் போகலாம். பாய்ந்தே விட்டால் புத்தகப் பையையோ குடையையோ அதன் வாய்க்கு முன் நீட்ட வேண்டும். கீழே விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு, இரு கைகளாலும் காதையும் கழுத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும்.

வாலை ஆட்டும் நாய் கடிக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை அல்ல. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் அது நட்பு. உடம்பு விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, வால் மட்டும் உயர்ந்து சிறிதாக ஆடினால் அது எச்சரிக்கை. வாலை இடுக்கிக்கொண்டு காதைப் பின்னால் மடக்கும் நாய் பயந்திருக்கிறது. அதற்குத் தப்பிக்க வழி விடாவிட்டால் அதுவும் கடிக்கும். தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்கவே வேண்டாம்.

இவற்றில் ஒன்றுகூட அன்று எங்களுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு ஆடி மாதம், காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தம்பி ஓடும்போது தடுக்கி விழுந்தான். நான் முன்னால் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவன் எழுந்து வந்துகொண்டிருந்தான். ஆடுதசையில் இரத்தம் இருந்தது. "கருவேல முள் கிழிச்சிருச்சுக்கா" என்றான். நான் நம்பினேன். கைக்குட்டையால் துடைத்துவிட்டு பஸ் ஏறினோம்.

மறுநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, அவன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, பதினாலு ஊசியையும் வயித்துலயேதான் போடுவாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் கதை அது. அப்பத்தாவின் தம்பியை அந்தக் காலத்தில் நாய் கடித்தது. பாம்பன் தீவுக்கு ரோட்டுப் பாலம் வந்தது 1988-இல்தான். அதற்கு முன் ரயிலை விட்டால் படகு. அவரைப் பதினான்கு நாளும் ரயிலில் ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போய், தொப்புளைச் சுற்றி ஊசி போட்டு வந்தார்களாம். அப்பத்தா இதைக் கை அசைவோடு சுவையாகச் சொல்வார். நாங்களும் சுவையாகக் கேட்போம். தம்பி மட்டும் பயந்துகொண்டு கேட்டிருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. நாயிடமிருந்து ஓடியவன் ஊசியிடமிருந்தும் ஓடிக்கொண்டிருந்தான்.

அம்மாவை எழுப்பினேன். அடுப்படி விளக்கில் பார்த்தபோது முள் கிழித்ததல்ல, இரண்டு பல் பதிந்த காயம். அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பத்தாவின் கையைப் பிடித்துத் தடுத்தேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதையும் நாய்க்கடியில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. கடித்த உடனே செய்திருக்க வேண்டியதை ஒன்றரை நாள் கழித்துச் செய்தோம். தாமதமானாலும் கழுவுவதையும் ஊசியையும் விட்டுவிடக் கூடாது. அம்மா செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்ற, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பரீட்சை எழுதும்போது தெரிவதில்லை.

அன்றிரவே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றில் ஊசி இல்லை! இரு கைகளிலும் தோலுக்குள் துளி துளியாகப் போட்டார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள், அவ்வளவுதான். ஆனால் தம்பிக்கு இரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். தடுப்பூசி உடலில் வேலை செய்யத் தொடங்கும் வரை கிருமியை அங்கேயே எதிர்க்கும் மருந்து அது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி நன்றாகவே அழுதான். மருந்துகளுக்குக் காசு வாங்கவில்லை.

அப்பத்தா சொன்ன பதினான்கு ஊசியும் பொய் இல்லை. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கிய, ஆட்டின் மூளையிலிருந்து தயாரிக்கும் மருந்து அது. நம் நாட்டில் அது 2004-இல்தான் நிறுத்தப்பட்டது. அதற்கும் முன்னோடி லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6-ஆம் நாள், நாயால் கடிக்கப்பட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் முதன்முதலாகத் தடுப்பு மருந்து போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். ஆனால் அந்த மருந்து நம் பக்கம் வரப் பல ஆண்டுகள் ஆயின. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் எங்கும் இதற்குச் சிகிச்சை கிடையாது. வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்த மரணத்தின் பின்தான், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைக் கொண்டு, நம் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பட்டது. கசௌலிக்குப் போக வழியில்லாமல் ஒருவர் இறந்த நாட்டில், ஆட்டோவில் போகும் தூரத்தில் மருந்து இருந்தும் என் தம்பி ஒன்றரை நாள் ஒளித்து வைத்தானே என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த நோய் பொல்லாதது. கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் அறிகுறி தெரியும். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நம் நாட்டவர். பத்துப் பேரில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். அப்பா கடலில் இருந்தார். மறுநாள் காலை அம்மா தனியாகப் போனார். நான் பின்னால் நின்றேன். படகுக்காரர் வீட்டில் போய்க் குறை சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. மாமா முதலில் சிரித்தார். "நம்ம டைகர் கடிக்காது தங்கச்சி, விளையாட்டுக்கு வரும்" என்றார். எல்லா நாய்க்காரர்களும் இப்படித்தான் சொல்வார்கள் போலும். அம்மா சண்டை போடவில்லை. "தடுப்பூசி போட்டிருக்கீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார். மாமா பேசவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து, "போடலை மதினி" என்றார்.

நாய் வளர்ப்பவர் கவனக் குறைவாக இருந்து, அதனால் பிறர் உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேரக்கூடும் என்றால் அது சட்டப்படி குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அன்றே மாமா கால்நடை மருத்துவரிடம் போனார்.

டைகரைப் பத்து நாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர். கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாயே நோயுற்று இறந்துவிடும். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "டைகர் கஞ்சி குடிச்சுச்சா?" அப்பத்தா வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்து வந்து செய்தி சொல்வார். அது குரைக்காத ஒரு மத்தியானம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. யார் செத்தால் தேவலை என்று பல காலை நான் நினைத்தேனோ, அந்த நாய் நன்றாக இருக்க வேண்டுமென்று செபமாலை சொன்னேன். பதினோராம் நாள் அது வழக்கம்போல் சங்கிலி அறும்படி குரைத்தது. அம்மா அழுதுவிட்டார்.

பிறகு டைகருக்கும் தடுப்பூசி போட்டார்கள். மாமா முற்றத்தைச் சுற்றி உயரமாக வேலி அடைத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். சந்தின் பக்கம் படல் வைத்துத் தாழ்போட்டார். மாலையில் கயிற்றில் பிடித்துக் கரையோரம் நடத்திப் போகிறார். அத்தை செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இது மருத்துவர் சொன்ன யோசனை. நாங்கள் சந்தில் வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து டைகருக்கு ஒரு கருவாட்டுத் தலையைப் போடுவார். நாங்கள் கடந்து போனதும் நிறுத்திவிடுவார். நாங்களோ ஓடாமல், அதைப் பார்க்காமல், சந்தின் எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். முதல் வாரம் என் முழங்கால் நடுங்கியது. மூன்றாம் வாரத்தில் எங்களைக் கண்டதும் டைகர் குரைப்பதற்குப் பதிலாக அத்தையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி போட்டுக்கொண்டு வந்த தம்பி, படலுக்கு வெளியே பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டி, மரம் போல் நின்று காட்டினான். டைகர் இரண்டு தடவை குரைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டான்.