விலை குறைந்த லென்ஸ் எங்கே காலை வாரும்?

கேள்வி: என்னிடம் கேனான் ஆர்50 இருக்கிறது. கூடவே வந்த 18-45 லென்ஸில் பகல் படங்கள் நன்றாக வருகின்றன. மண்டபத்துக்குள் எடுத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக, மசமசவென்று இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கலாம் என்றிருந்தேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரோ, "அது பிளாஸ்டிக் லென்ஸ்ப்பா, காசு சேர்த்து எஃப் 1.2 வாங்கு" என்கிறார். விலை குறைந்த லென்ஸில் படத் தரம் அவ்வளவு மோசமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: மோசமில்லை. அந்த லென்ஸின் உடல் பிளாஸ்டிக்தான். கேமராவோடு பூட்டும் வளையம் உலோகம். 50 மி.மீ. எஃப் 1.8 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், அதை வடிவமைப்பது ஏற்கெனவே கைவந்த வேலை என்பதுதான். 1896-ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த 'பிளானார்' வழியில் வந்த அமைப்பு அது. உள்ளே 6 கண்ணாடிகள், எடை 160 கிராம். எஃப் 1.2-ல் 15 கண்ணாடிகள், எடை 950 கிராம். அமெரிக்காவில் வெளியானபோது ஒன்று 199 டாலர், மற்றது 2,299 டாலர்.

இவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் வெளிச்சம் எவ்வளவு கூடும்? எஃப் 1.8-ஐவிட எஃப் 1.2 சுமார் இரண்டேகால் மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். உங்கள் கிட் லென்ஸை 45-ல் வைத்தால் அபர்ச்சர் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அதிலிருந்து எஃப் 1.8-க்கு வந்தாலே 12 மடங்கு வெளிச்சம்! இப்போது ஐஎஸ்ஓ 6400-ல் எடுக்கும் படத்தை 500-ஐ ஒட்டி எடுக்கலாம். முகத்தில் தெரியும் புள்ளிகளுக்கு மருந்து இதுதான்.

கூர்மையைப் பொறுத்தவரை, எஃப் 1.8-ல் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும்; ஓரங்கள் சற்று மழுங்கும். எஃப் 4-க்கு வந்தால் அதுவும் தெளிந்துவிடும். உங்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அது ஃபுல் ஃபிரேமுக்காகச் செய்த லென்ஸ். ஆர்50-ன் சென்சார் சிறியது என்பதால் மழுங்கலான ஓரம் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே வராது.

மலிவு லென்ஸ் காலை வாருவது வேறு இடத்தில். மணப்பெண்ணின் பட்டுச்சேலையை எஃப் 1.8-ல் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் ஜரிகை லேசான ஊதா பூசியிருக்கும். பின்னால் இருப்பதில் பச்சை படர்ந்திருக்கும். எல்லா நிறங்களையும் ஒரே தளத்தில் குவிக்கும் தனிக் கண்ணாடிகளுக்குத்தான் விலையுயர்ந்த லென்ஸில் காசு போகிறது. எஃப் 2.8-க்கு வந்தால் இது பெருமளவு அடங்கும். அடுத்தது எதிர்வெளிச்சம். வீடியோக்காரரின் லைட் நேரே லென்ஸில் விழுந்தால் படம் வெளிறிப்போகும். இந்த லென்ஸோடு ஹூட் வராது, தனியாக வாங்க வேண்டும். வாங்கிவிடுங்கள். வீடியோ எடுத்தால் ஃபோகஸ் மோட்டாரின் சத்தமும் சேர்ந்து பதிவாகும்.

ஆனால் 'லென்ஸ் சரியில்லை' என்று என்னிடம் காட்டப்படும் படங்களில் பாதிக்கு மேல் லென்ஸின் தப்பே இல்லை. ஆர்50-ன் உடலுக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. இந்த 50-லும் கிடையாது. ஷட்டர் 1/125-க்குக் கீழே போக விடாதீர்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ல் ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ.தான். மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றால் அவர் மங்கலாகத்தான் தெரிவார். 2,299 டாலர் லென்ஸிலும் இதே கதைதான், சொல்லப்போனால் எஃப் 1.2-ல் இன்னும் மோசம்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஆர்50-ல் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. பார்வையைத் தரும். மண்டபத்துக்குச் சரி, பத்துக்குப் பத்து அறையில் சுவரில் முதுகு முட்டும். அடுத்த விசேஷத்தில் கிட் லென்ஸை 45-லேயே வைத்து முழுவதும் எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 பக்கம் போகலாம். வெளிச்சம் 50-ன் அளவுக்குக் கிடைக்காது, அறைக்குள் இடம் கிடைக்கும்.

எஃப் 1.2 உங்களுக்கு வேண்டாம். கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

லென்ஸ் வந்த அன்றே ஒரு முழுச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக வைத்து, டைமர் போட்டு எஃப் 1.8-லும் எஃப் 4-லும் எடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் எஃப் 4-லும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். மலிவு லென்ஸ்களில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். அதனால் பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாற்றித் தரச் சொல்லும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.