பரணில் கிடக்கும் அமானிதம்



இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவையும் பரணையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

முதலில், நமக்குச் சொந்தமில்லாததைத் தனியே எடுங்கள். பக்கத்து வீட்டுச் சட்டி, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய சஹன், படித்துவிட்டுத் தருவதாகச் சொன்ன கிதாபு. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). கொடுத்தவர் கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம். அவர் மவுத்தாகியிருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுங்கள்.

அடுத்து, மிஞ்சியவை. கணவன், மனைவி, விருந்தாளி ஆகியோரின் தேவை போக வீட்டில் கிடக்கும் நான்காவது விரிப்பு ஷைத்தானுக்குரியது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அதற்காகக் கிழிந்த கைலியை மூட்டை கட்டி ஏழைக்கு அனுப்பிவிட்டு, அதை ஸதகா என்று சொல்லாதீர்கள். நமக்கே தந்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதை 2:267 தடுக்கிறது. பிரியமானதைச் செலவிடச் சொல்லும் வசனம் (3:92) இறங்கியபோது, அபூ தல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தையே கொடுத்தார்கள். கிழிந்தது கரித்துணியாகட்டும், நல்லது இன்னொருவரின் பெருநாள் உடையாகட்டும்.

நம் ஜனாஸாவுக்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் பீரோவைத் திறப்பார்கள். அன்று அதில் பிறர் ஹக் எதுவும் இருக்கக் கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.