தொடலாமா, டாக்டர்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரத்தின்போது நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. உள்ளே வரும் மகனோ மகளோ கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிடுவார்கள். கைகள் பின்னால் கட்டியிருக்கும்; கண்கள் நோயாளியின் முகத்தை விட்டுத் திரையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருக்கும். சில மாதங்களுக்கு முன் அப்படி நின்ற ஒருவர், வெளியேறும் முன் தயங்கியபடி என்னிடம் கேட்டார்: "அம்மாவைத் தொடலாமா, டாக்டர்?" ஆறு நாட்களாக அவர் தொடவே இல்லை. தொட்டால் ஏதேனும் குழாய் கழன்றுவிடுமோ என்ற அச்சம். தொடலாம் என்று எங்களில் ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது; அதை ஓரளவேனும் ஈடு செய்யவே இதை எழுதுகிறேன்.

அந்தத் தாயை அந்த ஆறு நாட்களில் யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் பத்துப் பேருக்குக் குறையாமல் தொட்டிருப்போம். ஊசி போடுவதற்கு, இரத்தம் எடுப்பதற்கு, சளியை உறிஞ்சுவதற்கு, படுக்கைப்புண் வராமல் புரட்டுவதற்கு. இவை எல்லாம் தேவையானவை. ஆனால் பெரும்பாலும் நோவு தருபவை. நோயாளியின் உடல் இத்தொடுதலையும் உறவினரின் தொடுதலையும் வேறுபடுத்தி அறியுமா என்று கேட்டால், அறியும் என்றே நரம்பியல் சொல்கிறது.

தோலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் பல வகைப்பட்டவை. சட்டைப்பைக்குள் கைவிட்டு, பாராமலே சாவியையும் நாணயத்தையும் பிரித்தறிகிறோம் அல்லவா? அது மயலின் என்னும் கொழுப்புறை பூண்ட தடித்த இழைகளின் வேலை. அவை நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துகின்றன. உறையற்ற மெல்லிய இழைகள் வலி, சூடு, குளிர், அரிப்பு ஆகியவற்றைச் சுமப்பவை என்றே நாங்கள் மாணவப் பருவத்தில் படித்தோம்.

அப்பாடம் முழுமையானதன்று என்பதைக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் மயிரிழை போன்ற மின்முனையைச் செலுத்தி, தனியொரு இழையின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையை 1960களில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர் உருவாக்கினர். அதே முறையைக் கொண்டு 1990களில் வால்போவும் உடன் பணியாற்றியோரும் முன்கைத் தோலில் வேறொரு வகை இழையை ஆராய்ந்தனர். மெலிந்தது, உறையற்றது, நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே நகர்வது. ஆனால் அது வலியைச் சுமக்கவில்லை. மென்மையாக வருடினால் துடித்தது. இன்று இவற்றை 'சி-டேக்டைல்' இழைகள் என்கிறோம். ரோமம் உள்ள தோலில்தான், அதாவது முன்கை, தோள், முதுகு, முகம் போன்ற இடங்களில்தான் இவை மிகுதியாக உள்ளன.

இவ்விழைகள் வேகத்தைப் பொறுத்து நடந்துகொள்ளும் விதம் வியப்பானது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதே அவை மிகுதியாகத் துடிக்கின்றன. அதைவிட விரைவாகத் தேய்த்தாலும், மிக மெதுவாக நகர்த்தினாலும் துடிப்பு குறைகிறது. வருடலை மக்கள் இனிமையாக உணர்வதும் அதே வேகத்தில்தான் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வருடும் பொருள் தோலின் இயல்பான வெப்பத்தில், சுமார் 32 டிகிரியில் இருந்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. குழந்தையை வருடச் சொன்னால், யாரும் கற்றுத்தராமலே பெற்றோரின் கை இந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது.

நோயினால் தடித்த இழைகளை முற்றிலும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. உடலின் பெரும்பகுதியில் அவருக்குத் தொடு உணர்வே இல்லை. ஆயினும் மெல்லிய தூரிகையால் முன்கையை வருடியபோது, எத்திசையில் வருடினார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மங்கலான இனிமை ஒன்றை மட்டும் உணர்ந்தார். தொடுதலின் இடத்தையும் அளவையும் கணிக்கும் மூளைப் பகுதி அப்போது எழவில்லை. உடலின் உள்நிலையோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய இன்சுலா என்ற பகுதியே எழுந்தது. எது, எங்கே தொட்டது என்று சொல்ல ஒரு பாதையும், அது இதமானதா என்று சொல்ல இன்னொரு பாதையும் நமக்கு இருக்கின்றன.

2006இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், மணமான 16 பெண்களை மூளைப் படக்கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தனர். கணவரின் கையைப் பற்றியிருந்தபோது, அபாயத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகளின் பரபரப்பு தணிந்தது. அந்நியர் கையும் சிறிதளவு உதவியது. மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தவர்களுக்குத் தணிவும் கூடுதல். சிறிய ஆய்வுதான், பங்கேற்றோரும் நலமுள்ளவர்கள். இதை வைத்துக்கொண்டு தொடுதல் நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 'அணைத்தால் ஆக்சிடோசின் சுரக்கும்' என்று இதழ்களில் வரும் செய்திகளையும் சற்று நிதானத்துடன் படியுங்கள். மனிதர்களிடம் செய்த அளவீடுகள் அவ்வளவு சீராக இல்லை.

உறுதியான சான்று கிடைப்பது பச்சிளங் குழந்தைகளிடம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமையால், எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுறத் தோல் வைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை பிறந்தது அப்படி. பற்றாக்குறைக்கு வந்த மாற்று ஏற்பாடு என்றே பலர் இதை நெடுங்காலம் கருதினர். 2021இல், இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள சுமார் 3,200 குழந்தைகளைக் கொண்டு உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வு வெளியானது. குழந்தையின் நிலை சீரானபின் கங்காரு முறையைத் தொடங்குவதற்குப் பதிலாக, பிறந்தவுடனே தொடங்கியபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. தாயின் வெப்பம், தாய்ப்பால், தொற்றுக் குறைவு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் தாயைக் குழந்தையிடமிருந்து பிரித்துவைத்திருந்தால் இவற்றில் எதுவும் வாய்த்திராது.

பெரியவர்களிடம் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான பகுப்பாய்வில், தொடுதலால் வலி, பதற்றம், மனச்சோர்வு குறைவது தெரிந்தது. ஒருமுறை எவ்வளவு நேரம் என்பதைவிட, எத்தனை முறை என்பதே முக்கியமாகத் தெரிந்தது. பார்வையாளர் நேரம் குறைவு என்று வருந்துவோர் இதைக் கருத வேண்டும்.

தொடத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. புற்றுநோய் தொடுவதால் பரவாது. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் உடலிலிருந்து கதிர் வெளிப்படாது. எச்.ஐ.வி. கைகுலுக்குவதால் வராது. வெண்புள்ளி, சொரியாசிஸ் இரண்டும் தொற்றே அல்ல. தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கப்பட்டபின், வார்டில் இரத்த அழுத்தம் பார்க்கக் கையைத் தொட்டதும் கண்கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகழுவுங்கள். கை குளிர்ந்திருந்தால் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொள்ளுங்கள். முதலில் பெயரையோ உறவையோ சொல்லி அழைத்துப் பேசுங்கள், பிறகு தொடுங்கள். மயக்கத்திலிருப்பவர் திடுக்கிடாமல் இருக்க அது உதவும். குழாய் இல்லாத முன்கையோ தோளோ ஏற்ற இடம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை நகர ஏழெட்டு நொடி ஆகட்டும். முதியவர்களின் தோல் எளிதில் உரிந்துவிடும், அழுத்த வேண்டாம். பக்கவாதம் தாக்கிய கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவும். வீங்கிய காலை நீவிவிடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அக்கி கண்ட இடத்திலும், நீரிழிவால் நரம்பு கெட்ட பாதத்திலும் மெல்லிய வருடல்கூட எரிச்சலூட்டும். தனிமைப்படுத்தல் அறையில் இருப்பவரைப் பற்றி எங்களிடம் கேட்டுவிட்டு அணுகுங்கள். நோயாளி முகம் சுளித்தாலோ கையை விலக்கினாலோ, உறவு எதுவாயினும், நிறுத்திவிடுங்கள்.

நினைவில்லாதவருக்கு இது எட்டுமா என்று கேட்கிறார்கள். மயக்க மருந்தின் ஆழம் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எப்போது எவ்வளவு எட்டுகிறது என்பதைத் திரையைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. எட்டாது என்றும் சொல்ல முடியாது.

கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கித் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் குழாய் இல்லை என்று காட்டி, உட்கார ஒரு நாற்காலியும் போடுவார்கள்.