கக்கூஸ் எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: தாத்தா இன்னும் ‘கக்கூஸ்’ என்றுதான் சொல்கிறார். நான் சொன்னால் மட்டும் அம்மா அதட்டுகிறார். இது ‘கக்கு’ என்பதிலிருந்து வந்த தமிழ்ச் சொல்லா, இங்கிலீஷா?
- வாசகி, வட்டம் 19, நெய்வேலி.

பதில்: இரண்டும் இல்லை, டச்சு! ‘கக்’ என்றால் மலம், ‘ஹொய்ஸ்’ என்றால் வீடு. உங்கள் ஊர் நிலக்கரிக்கு டச்சில் ‘பிரொய்ன்கோல்’ என்று பெயர்: ‘பிரொய்ன்’ பழுப்பு, ‘கோல்’ கரி. இதேபோல இரண்டு சொற்களை ஒட்டவைத்துப் புதுச் சொல் ஆக்குவது டச்சுக்காரர்கள் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் கக்கூசை டச்சுச் சொல்லாகவே குறிக்கிறது.

‘ஹொய்ஸ்’ எப்படி ‘கூஸ்’ ஆனது? ஜீலாந்து என்ற கடலோர மாகாணத்துப் பேச்சில் ‘ஹ’ விழுந்துவிடும், வீடு ‘ஊஸ்’ என்பதுபோல ஒலிக்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கிளைகளில் ஒன்று அந்த மாகாணத்து மிடில்பர்க்கில்தான் இருந்தது. ‘கக்’கோடு ‘ஊஸ்’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தாத்தாவின் குரல் கேட்கும்.

டச்சுக்காரர்கள் உங்களுக்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் உங்கள் மாவட்டத்துத் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்கினார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் கரையோரத்தை ஆண்ட இலங்கையில் சிங்களவர் ‘கக்குஸ்ஸிய’ என்பார்கள், இந்தோனேசியாவில் ‘காகுஸ்’.

அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அழுக்கு அந்தச் சொல்லில் இல்லை. கக்கூஸைச் சுத்தம் செய்கிறவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்தோமே, அந்த அழுக்குதான் சொல்லிலும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கழிப்பறை, லெட்ரின், டாய்லெட், ரெஸ்ட் ரூம் என்று பெயரைத்தான் மாற்றிக்கொண்டே போனோம். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்க 2013-இல் ஒரு சட்டம் வந்த பிறகும், குழிக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். இவர்களைப் பற்றித் திவ்யபாரதி 2017-இல் எடுத்த ஆவணப்படத்துக்குக் ‘கக்கூஸ்’ என்றே பெயர் வைத்தது அதனால்தான் சரி என்று நினைக்கிறேன். அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

தாத்தாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் ‘துட்டு’ம் அதே கப்பலில் வந்ததுதான். டச்சுக்காரர்கள் ‘டொய்ட்’ என்று ஒரு சின்னச் செப்புக்காசு வைத்திருந்தார்கள்.