ஏடும் வன்தட்டும்

ஒரு சமுதாயம் தான் அறிந்தவற்றை எழுதி வைத்தலோடு அதன் கடமை முடிந்துவிடுவதில்லை. எழுதியதனை அழியாது காத்தலும் அதன் கடமையாம். இவ்வுண்மையை நம் கடற்கரையூர்கள் பெருந்துயரினால் உணர்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நாகூர், நாகப்பட்டினம் முதலிய ஊர்களிற் புகுந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. பிழைத்தோருள்ளும் மனைப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மறைந்த பெற்றோரின் புகைப்படம் ஆகியவற்றை இழந்து நின்றோர் பலர். இன்று அத்தகைய பொருள்களை நாம் கணினியின் வன்தட்டிலே வைக்கின்றோம். ஆதலின் அத்தட்டின் இயல்பையும் அதற்குரிய சொற்கள் சிலவற்றையும் அறிதல் மாணவர்க்கு இன்றியமையாதது.

முதற்கண் நினைவகம், சேமிப்பகம் என்னும் இரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பண்டைத் திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர்; பழகியபின் ஓலையில் எழுதினர். மணலெழுத்து விரைந்து எழுதவும் அழிக்கவும் ஏற்றது, ஆனால் நிலையாது. கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம் அம்மணலை ஒக்கும். மின்சாரம் நின்றவுடன் அதிலுள்ளது மறையும். சேமிப்பகமோ ஓலையை ஒக்கும். வன்தட்டு இப்பிற்கூறிய வகையைச் சார்ந்தது. கட்டுரையைச் சேமியாது கணினியை நிறுத்துவோன் மணலில் எழுதிவிட்டு எழுந்து போனவனேயாவான்.

இனி, அளவைகளைக் காண்பாம். ஒன்று அல்லது சுழி என்னும் இரண்டில் ஒன்றைக் குறிக்கும் மிகச் சிறிய அளவு பிட் எனப்படும். எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். இன்று பெருவழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட் வேண்டும். ‘நாகூர்’ என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்து மூன்றேயாயினும், ந, துணைக்கால், க, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறிகள் இருத்தலின் அச்சொல் 18 பைட் கொள்ளும். அங்ஙனமாயினும் திருக்குறளின் 1,330 பாக்களும் ஐந்து லட்சம் பைட்டிற்குள் அடங்கிவிடும். நூறு கோடி பைட் ஒரு கிகாபைட். லட்சம் கோடி பைட் ஒரு டெராபைட். தட்டினைச் செய்து விற்போர் இங்ஙனம் ஆயிரத்தின் மடங்காக எண்ண, விண்டோஸ் 1,024இன் மடங்காக எண்ணுகின்றது. அதனால் ஒரு டெராபைட் தட்டு 931 கிகாபைட் என்றே தோன்றும். இதில் வஞ்சனை யாதுமில்லை. மரக்கால் வேறாயின் நெல்லின் கணக்கும் வேறாதல் போன்றதே.

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் ஓர் அச்சிற் கோக்கப்பட்டு, பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அசையும் கை ஒன்றன் நுனியில் முனை என்னும் சிற்றுறுப்பு உண்டு. அது பூச்சின் நுண்ணிய இடங்களைக் காந்தமாக்கி எழுதும். அக்காந்த நிலையை உணர்ந்து படிக்கும். எழுத்தாணி ஓலையைக் கீறும். இம்முனையோ தகட்டைத் தீண்டாது மயிரிழையினும் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். ஓடும் தட்டைக் கீழே தவறவிடின் முனை தகட்டில் மோதி எழுத்தினைச் சிதைக்கக்கூடும். இதனை முனைமோதல் எனலாம்.

தகட்டில், போரடிக்கும் களத்து மாடுகள் சுற்றும் வட்டங்கள் போல ஒன்றனுள் ஒன்றாய் அமைந்தவை தடங்கள். ஒவ்வொரு தடமும் வரப்பிட்ட வயல்போற் சிறு பிரிவுகளாக வகுக்கப்படும். ஒரு பிரிவு முன்னர் 512 பைட் கொண்டது. இப்போது பெரும்பாலும் 4,096 பைட் கொள்ளும். எந்தக் கோப்பு எந்தப் பிரிவுகளில் உள்ளது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. இஃது ஊர்க்கணக்கர் வைத்திருக்கும் அடங்கல் போன்றது. வன்தட்டிற் கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் அடங்கலிலுள்ள பதிவே நீங்கும். பயிர் வயலிலேயே நிற்கும். எனவே தவறி அழித்தவர் அத்தட்டில் மேலும் எழுதாதிருப்பின் மீட்டல் கூடும். பழைய தட்டைப் பிறர்க்குக் கொடுப்போர், யாவும் அழிந்தன என்று நம்பியிருத்தலும் கூடாது. சுழலும் தகடற்ற திண்மநிலைச் சேமிப்பகம் இன்று பெருகியுள்ளது. அதில் முனைமோதல் இல்லை. ஆயின் அழித்ததனை மீட்டல் அரிது. அதுவும் ஒருநாட் பழுதாவதே.

அங்ஙனமாயின் அழியாப் பொருள் யாது? அத்தகையது ஒன்றுமில்லை. ஓலையைச் செல் அரிக்கும். தாளை நீர் கரைக்கும். நம் முன்னோர் இதனை அறிந்து பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். அவ்வாறு வழிவழியாக எழுதிக் காத்தமையாலன்றோ தஞ்சைச் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளை இன்றும் காண்கின்றோம்! தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்றது. தாள் ஓலையினும் வலியதன்று. படிகள் பலவானமையே அச்சின் வலிமை.

வன்தட்டிற்கும் இதுவே நெறி. மூலத்தினின்று வேறாக எடுத்து வைக்கும் படிக்குக் காப்புப்படி என்று பெயர். அதே தட்டின் மற்றொரு மூலையில் வைப்பது காப்பன்று. அதே வீட்டில் வைப்பதும் வெள்ளத்திற்குக் காப்பன்று. நாகூரில் வாழ்வோர் ஒரு படியைத் தம்மிடத்தும் மற்றொன்றைத் தஞ்சையிலுள்ள உறவினரிடத்தும் வைப்பாராயின், ஒரே அலை இரண்டனையும் கொள்ளாது. கட்டுரை எழுதும் மாணவர் முதல் வீட்டுப் பத்திரம் காக்கும் பெற்றோர் வரை யாவரும் இன்றே ஒரு காப்புப்படி எடுத்தல் நலம்.